தொண்ணூற்றேழு டிகிரி

கொளத்தூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே
எங்கள் அறை.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
வெளியே நாற்பத்தொன்று,
திரையின் மூலையில் சிவப்பாய் 97.
மடிக்கணினி என்று பெயர் வைத்தவர்
மே மாதத்தில் ஒரு தடவையாவது
மடியில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

கடைசி வட்டம், மூன்றே பேர் மிச்சம்.
மூச்சைப் பிடித்துக் குறி பார்க்கிறேன்.
எதிராளி தண்ணீர்த் தொட்டியோரம் நின்றான்,
அடுத்த நொடி என் முதுகுக்குப் பின்னால்.
நடுவில் அவன் எந்த வழியாக வந்தான்
என்பதை ப்ராசஸர் எனக்குக் காட்டவே இல்லை.
"உன் லேப்டாப்புல தோசை ஊத்து,
கேம் வேணாம்" என்றான் ஹெட்செட்டில்
மாதவரம் பிலவேந்திரன்,
என் அணியைச் சேர்ந்தவன்தான்.

ரிச்சி தெருவில்
இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கடை,
அதற்குள் ஒரு ஸ்டூல், அதில் கமாலுதீன்.
தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.
"கெட்டுப்போகலைமா.
எரிஞ்சிடக் கூடாதுன்னு
தானாவே மெதுவா ஓடுது."
சுத்தம் பண்ணித் தர ஆயிரத்தெண்ணூறு.
சம்பளம் வர ஐந்து நாள் இருக்கிறது.
சின்ன ஊசிக்குழாயில் சாம்பல்நிறப் பேஸ்ட்டும்
ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிக்கொண்டு
29சி-யில் நின்றபடி வந்தேன்.

பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம்
லேப்டாப்பின் அடிவயிற்றை வரைந்து
கழற்றிய திருகுகளை
அந்தந்த இடத்தில் வைத்தேன்.
பதினொன்று.

மூடியைத் தூக்கினால்
தூசி, ஆனால் வெறும் தூசி இல்லை.
விசிறியின் இறக்கைகளில் இளஞ்சிவப்பாய்
கோதுமை, கேழ்வரகு, காய்ந்த மிளகாய்.
கீழே யார் யாரோ அரைத்துப் போனதில்
எனக்கும் ஒரு பங்கு
மூன்று வருடமாக வந்துகொண்டிருந்திருக்கிறது.
தும்மினேன்.
மறுபடியும் தும்மினேன்.
பத்து திருகுகள்.

சுகிர்தா டூட்டி முடிந்து வந்து
கிளினிக் ஸ்பிரிட்டும் பஞ்சும் நீட்டினாள்.
"இதுக்காடி நைட்டெல்லாம் கத்துற?" என்று கேட்டு
பாதி பிரியாணிப் பொட்டலத்தோடு கட்டிலில் சாய்ந்தாள்.
சிப்பின் மேல் பழைய பேஸ்ட்
சுவரில் காய்ந்த சுண்ணாம்பாய்ப் பொருக்கு விட்டிருந்தது.
துடைத்ததும் கண்ணாடி; என் மூக்கு தெரிந்தது.
ஒரு பட்டாணி அளவு போதும் என்பார்கள்.
மொச்சை அளவு விழுந்துவிட்டது.
வழித்து எறிந்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

அப்புறம் வோல்டேஜ்.
ஐம்பது மில்லிவோல்ட் குறைத்தேன், ஓடியது.
எண்பது, இன்னும் நன்றாக ஓடியது.
ஆசை விடவில்லை, நூற்றுப்பத்து என்றேன்.
நீலத் திரை.
சரி சரி, எண்பதே.
குறைத்துக் கொடுத்தால் கூடுதலாக ஓடும் இந்த வித்தை
எங்கள் மேனேஜருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.
அடுத்த மாதமே என் சம்பளத்தில் செய்து பார்ப்பார்.

தண்ணீர்க் கேனின் நீல மூடிகள் இரண்டைப்
பின்பக்கம் முட்டுக் கொடுத்தேன்.
அடியில் இரண்டு விரல் இடைவெளி.
இரவு பத்தரை, எழுபத்தெட்டு டிகிரி.
பிலவேந்திரனைக் கூப்பிட்டேன், "வாடா" என்று.
இந்த முறை எதிராளி வந்த ஒவ்வொரு அடியும் தெரிந்தது.
தெரிந்தும் செத்தேன்.
அது என் கை, அதற்குப் பேஸ்ட் கிடையாது.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரு "ச்சே".
தலைக்கு மேல் மின்விசிறி
நாலு சுற்று யோசித்து நின்றது.
பேட்டரியில் இவன் மட்டும்
வேகத்தைக் குறைத்துக்கொண்டு விழித்திருந்தான்.
பக்கவாட்டில் கை வைத்தேன்.
சூடுதான்,
ஆனாலும் காற்று.
சுகிர்தா தூக்கத்தில் புரண்டு
அந்தப் பக்கமாய்க் காலை நீட்டினாள்.
அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே விசிறி அது,
லேசாக மிளகாய் வாசனையோடு.